பொதுப் பள்ளியில் பொது எது?

ஒரு சிற்றூரின் உயர்தரப் பாடசாலை யாருக்குச் சொந்தம்? முதற்பார்வைக்கு இது எளிய வினாவே. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. ஆகவே அது அரசின் சொத்து என்பர் ஒருசாரார். நிலத்தை வழங்கியவரும், கட்டடம் எழும்பக் கையும் பொருளும் கொடுத்தவரும் ஊரவர். ஆகவே அது ஊரின் சொத்து என்பர் மற்றொருசாரார். திணைக்களத்தின் சுற்றுநிருபம் முதல் விடையைச் சொல்லும். பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலர் இரண்டாம் விடையைச் சொல்லும். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், நாள்தோறும் வகுப்பறையில் நின்று முன் வாங்கையும் பின் வாங்கையும் ஒருங்கே பார்க்கும் ஆசிரியர்களாகிய நமக்கு, இவ்விரு விடைகளும் போதியனவாகத் தோன்றவில்லை. ‘பொதுப் பள்ளி’ என்னும் தொடரில் வரும் ‘பொது’ ஓர் உடைமையைக் குறிக்கின்றதா, அன்றி ஓர் அறக்கடமையைக் குறிக்கின்றதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் பொருள்.

அறவினாக்களை ஆகாயத்தில் நிறுத்தி ஆராய்வதிற் பயனில்லை. எனவே நாம் நன்கறிந்த ஒரு நிலப்பரப்பையே எடுத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மருதமுனையிலிருந்து தெற்கு நோக்கி நெடுஞ்சாலையிற் செல்வோர், ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தை வீதியோரப் பெயர்ப்பலகை கொண்டே அறிவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். கடற்கரையிற் கரைவலை இழுப்பவர், போடியாரின் வயலில் உழைக்கும் முல்லைக்காரர், மருதமுனைத் தறிகளிற் சாரமும் சேலையும் நெய்வோர் ஆகியோரின் உழைப்பின்மீதே இக்கரையின் வாழ்வு நிற்கின்றது. அவர்கள் பேசும் மொழி தமிழ். தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைக்கும் வழக்கமும், பள்ளிவாசலுக்குச் செல்வோருக்கும் கோயிலுக்குச் செல்வோருக்கும் ஒன்றே. இத்தகைய மண்ணில் ‘பொது’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடுவது பொருத்தமுடையதாகும்.

இப்பகுதியின் நவீன கல்வி வரலாறு மிஷனரிமாரோடு தொடங்குகின்றது. மட்டக்களப்பில் 1814ஆம் ஆண்டிலேயே மெதடிஸ்த மிஷன் ஒரு பாடசாலையை நிறுவியது. கல்முனையில் அதே மிஷனின் வெஸ்லி பாடசாலை 1883இல் தோன்றியது. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்த காலம் அது. ஆயின், அவ்வாயிலினூடே நுழைந்த முஸ்லிம் பிள்ளைகள் மிகச் சிலரே. பணம் ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். மதமாற்றம் மிஷனின் நோக்கங்களுள் ஒன்றென்பது மறைவான செய்தியன்று. தன் பிள்ளை கல்வியைப் பெற்று மார்க்கத்தை இழந்துவிடுவானோ என்று அஞ்சிய உழவனை அறிவிலி என்று நாம் ஏளனம் செய்யக்கூடாது. அவன் முன் வைக்கப்பட்ட தெரிவே அநீதியானது. ‘உன் பிள்ளைக்கு எழுத்து வேண்டுமாயின் உன் அடையாளத்தை அடகு வை’ என்று கேட்கும் பள்ளி, எத்தனை பேருக்குக் கதவைத் திறந்து வைத்தபோதிலும், பொதுப் பள்ளி ஆகமாட்டாது. எம். சி. சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிப் போராடியதும், 1892இல் கொழும்பு மருதானையில் பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாய் வளர்ந்த பாடசாலை தோன்றியதும் இந்த அநீதிக்கு எதிராகவே ஆகும்.

கல்முனைக் கரைக்கு இம்முயற்சியின் அலை வந்து சேர அரை நூற்றாண்டு சென்றது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். நெல் விளைவிக்க வந்தவர், அந்நெல்லை விளைவிப்போரின் பிள்ளைகளுக்கு எழுத்து விளையாததைக் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவர் கொண்ட நட்பு இக்கரையிலேதான் மலர்ந்தது. இங்கு பெற்ற அனுபவம் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடு முழுவதற்கும் விரிந்தது. அதே 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நீரோட்டங்களும் கலந்த சூழலிலேதான், 1949ஆம் ஆண்டில், கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியால் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி பிறந்தது.

இவ்வரலாற்றை நம் ஊர்மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். பெரியோர் பெயர்களைச் சொல்லிப் பெருமை கொள்கின்றோம், அது தக்கதே. ஆனால் அவ்வரலாற்றை அந்த அளவில் நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியாயிருக்கின்றது என்பதையும் மறக்கலாகாது. ஸ்தாபகர் நிலத்துக்கும் அனுமதிக்கும் வழி செய்தார். அதன்பின் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர் சம்பளமும், 1980 முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் இலவசச் சீருடையும் எங்கிருந்து வந்தன? ‘அரசாங்கம் தந்தது’ என்பது விடையாகாது. அரசாங்கம் எதையும் விளைவிப்பதில்லை.

இலவசக் கல்வி தொடங்கிய காலத்தில் இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பியவை தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் ஏற்றுமதிப் பொருள்களே. அவற்றுள் முதன்மையான தேயிலையைக் கொய்தவர் மலையகத் தோட்டத் தொழிலாளர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்கைப் பறித்தது. இலவசக் கல்வியின் பயன் அவர்தம் பிள்ளைகளை உரியவாறு எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கிடந்து, 1970களிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. கல்முனையில் ஒரு பாடசாலை பிறந்த அதே 1949இல், அத்தகைய பாடசாலைகள் பலவற்றுக்கும் பொருள் ஈட்டிக் கொடுத்த மக்கள் தம் வாக்குரிமையை இழந்தனர். நம் மாணவன் அமர்ந்த வாங்கு, வாங்கே இல்லாத ஒரு பிள்ளையின் தாய் கொய்த கொழுந்தினால் வாங்கப்பட்டது.

இந்த உண்மையிலிருந்தே ‘பொது’ என்னும் சொல்லின் அறப்பொருள் பிறக்கின்றது என்பது நம் துணிபு. பொதுப் பள்ளி என்பது, விலையைக் கொடுத்தவர் வேறாகவும் பயனைப் பெற்றவர் வேறாகவும் அமைந்த ஓர் ஏற்பாடு. விலை கொடுத்துப் பயன் பெறாதவர் எத்தனை பேர் உளரோ, அத்தனை பேருக்கும் அது கடன்பட்டிருக்கின்றது. தனியார் பாடசாலை தன் வாயிலுக்குள் இருப்போருக்கு மட்டுமே பதில் சொல்லலாம். பொதுப் பள்ளியோ வாயிலுக்கு வெளியே நிற்போருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அதன் பொதுமையை அளக்கும் கோல் இதுவே. முதலாம் இடத்தைப் பெற்ற மாணவனின் புள்ளிகளைக் கொண்டு அதை அளக்க முடியாது.

இக்கோலைக் கொண்டு முதலில் நம் வீட்டுக்கு உள்ளேயே அளந்து பார்ப்போம்.

சர்வகலாசாலை அனுமதி முறையை எடுத்துக்கொள்வோம். 1970களில் தரப்படுத்தலாகத் தொடங்கிப் பல மாற்றங்களைக் கண்ட அம்முறையில், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கான இடங்களில் 40 வீதம் நாடளாவிய தகுதியின்படியும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகையின்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் அம்பாறையும் உண்டு. இம்முறையினால் யாழ்ப்பாணத்து மாணவர் இழந்தனர், கிழக்கு மாணவர் பெற்றனர் என்பது பழைய விவாதம். அதை இங்கு கிளற வேண்டியதில்லை. ஒதுக்கீடு நியாயமே என்று வைத்துக்கொள்வோம். அதன் நியாயம் எதில் தங்கியிருக்கின்றது? இம்மாவட்டத்தில் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலை உண்டு. கணித ஆசிரியரைக் காணாத வகுப்பு உண்டு. அறுவடைக் காலத்தில் வயலுக்குச் செல்லும் மாணவன் உண்டு. அந்தப் பின்தங்கல்தான் ஒதுக்கீட்டுக்கு நியாயம். ஆனால் அந்த ஒதுக்கீட்டின் இடத்தைப் பெறுகின்றவர் யார்? பெரும்பாலும், நகரப் பாடசாலையிற் பயின்று, பாடத்துக்கு ஒரு ரியூஷன் வகுப்புக்குச் செல்ல வசதி படைத்த உத்தியோகத்தர், வைத்தியர், வர்த்தகர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளே. வறுமை கரைவலைக்காரனுடையது, வறுமைக்கான ஒதுக்கீடு நம்முடையது! ஏழையின் பெயரால் வாங்கிய கடிதத்தை நம் வீட்டு முகவரிக்குத் திருப்பிவிட்டு, அதற்கு ‘ஊரின் வெற்றி’ என்று பெயர் சூட்டுகின்றோம்.

இதனால் அப்பிள்ளைகள் குற்றவாளிகள் ஆகமாட்டார். அவர்கள் உழைத்தே பெற்றனர். நாம் சொல்ல வருவது இதுவே: அந்த இடத்தை ஏற்றுக்கொண்டவன் ஒரு கடனையும் உடன் ஏற்றுக்கொள்கின்றான். அந்தக் கடனை அவனுக்கு உணர்த்தாத பள்ளி, அவனுக்குப் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தது, அறத்தைக் கற்பிக்கவில்லை.

அதே பள்ளியின் பின் வாங்கில் நிகழ்வது யாது? ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, கிராமத்து வறிய மாணவனுக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்கவென்றே கன்னங்கராவின் காலத்தில் வகுக்கப்பட்டது. இன்று அது பத்து வயதுப் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கும் வாள் ஆகிவிட்டது. நாட்டின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளிற் சில நூறே தேசியப் பாடசாலைகள். சிறிய பாடசாலைகளில் ஒளிவிடும் மாணவர் அவற்றை நோக்கிச் செல்கின்றனர்; எஞ்சிய மாணவர் எஞ்சிய வளங்களோடு விடப்படுகின்றனர். பெரிய பாடசாலைகளுக்குள்ளேயும் பிரிவினை தொடர்கின்றது. கெட்டிக்காரருக்கு ஒரு வகுப்பு, ஏனையோருக்கு ஒரு வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகையில், சித்தி வீதம் குறைந்துவிடும் என்ற அச்சத்தால், மெல்லக் கற்கும் மாணவனின் வருகையைப் பற்றி ஒருவரும் வினவாமல் விட்டுவிடும் வழக்கமும் நாட்டிற் பல இடங்களில் உண்டு. யாரும் அவனை வெளியேற்றுவதில்லை. அவன் வராமற் போகின்றான். நாம் தேடாமல் இருக்கின்றோம். 2016ஆம் ஆண்டில் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கின்றது. ஆனால் அவன் வந்தானா என்று மனம் பதைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

இத்தாலி நாட்டில், புளோரன்ஸ் நகருக்கு அப்பால் மலையிலுள்ள பார்பியானா என்னும் சிற்றூரில், லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் ஒரு பள்ளி நடத்தினார். அரச பாடசாலைகளிற் சித்தியெய்தத் தவறி வெளியேறிய உழவர் வீட்டுப் பிள்ளைகளே அங்கு மாணவர். அவருள் எண்மர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதும் கடிதமாக ஒரு நூலை 1967இல் வெளியிட்டனர். அவர்கள் செய்த வேலை எளியது. பாடசாலைப் பதிவேடுகளை எடுத்து, எந்த வகுப்பில் எத்தனை பேர் விடுபட்டனர், விடுபட்டோரின் தந்தையர் என்ன தொழில் செய்தனர் என்று கணக்கிட்டனர். பள்ளி தன் வெற்றிகளை மட்டும் கணக்கிட்டு வந்த நாட்டில், அதன் இழப்புகளைப் பிள்ளைகளே கணக்கிட்டுக் காட்டினர். நம் பாடசாலைகளின் சுவர்களிலே சர்வகலாசாலை சென்றோரின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னுகின்றன. ஆறாந் தரத்திற் சேர்ந்து பதினொராந் தரத்துக்கு முன் காணாமற்போனோரின் பட்டியல் எங்கே இருக்கின்றது? 2020 மார்ச்சில் நோய்ப்பரவலால் பள்ளிகள் மூடப்பட்டுக் கல்வி கைத்தொலைபேசிக்குள் சென்றபோதும், 2022இன் பொருளாதார நெருக்கடியிற் கொப்பியின் விலை ஏறியபோதும், அப்பட்டியல் நீண்டது என்பதை வகுப்பறையில் நிற்பவர் யாவரும் அறிவர்.

இனி, கோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே வருவோம். இவ்விடத்தில் நம் வினா மேலும் கடினமாகின்றது.

இந்நாட்டின் அரச பாடசாலைகள் மொழியால் மட்டுமன்றிச் சமயத்தாலும் பிரிந்து நிற்கின்றன. பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்த 1960களின் தொடக்கத்திலும் 1970களிலும் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. கல்முனையின் பெரிய பெண்கள் கல்லூரி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. இப்பிரிவினையை வெறும் வகுப்புவாதம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. வீட்டுக்குள் இருந்த முஸ்லிம் பெண்பிள்ளை பள்ளிக்கு வந்தது இப்பாடசாலைகளினாலேயே. நோன்பு மாதத்தில் விடுமுறையும், தன் உடையும், தன் மார்க்கமும் மதிக்கப்படும் என்ற உறுதி கிடைத்த பின்னரே எத்தனையோ உம்மாமார் தம் மகள்மாரை அனுப்பினர். அவ்வாறு வந்தவர்களே இன்று ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் இக்கரையெங்கும் பணியாற்றுகின்றனர். பெண்கல்வியை முற்போக்கின் முதற்படியாகக் கொள்ளும் எவரும் இதனைச் சிறுமைப்படுத்த முடியாது.

ஆயினும், மகளை உள்ளே அழைத்து வந்த அதே சுவர், அயல்வீட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்தியது. கல்முனைக் கல்வி வலயத்தில், ஒரே பாடத்திட்டத்தின்கீழ், ஒரே தமிழ்ப் பாடநூலைப் படித்து, ஒரே பரீட்சைக்கு அமரும் பிள்ளைகள், ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்துவிடுகின்றனர். ஒருவன் தமிழ்ப் பாடசாலைக்குச் செல்கின்றான். மற்றவன் முஸ்லிம் பாடசாலைக்குச் செல்கின்றான். இரண்டு பாடசாலைகளிலும் ஒரே செய்யுளுக்கு ஒரே பொழிப்புரை எழுதப்படுகின்றது. அதை எழுதிய கைகள் ஒன்றையொன்று தொட்டதில்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1960களில், பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணனைச் சூழ்ந்து கல்முனையில் ஓர் இலக்கிய வட்டம் இயங்கியது. கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமானும் மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் அவ்வட்டத்தில் வளர்ந்தவர்கள். மூவரும் பாடசாலை ஆசிரியர்களாய்ப் பணியாற்றியவர்கள் என்பது நம் கவனத்துக்குரியது. பள்ளிக்கூடம் பிரித்து வைத்ததை ஆசிரியர்கள் மாலைப் பொழுதுகளில் இணைத்து வைத்தனர். பின்னர் வந்த ஆண்டுகள் அம்மாலைப் பொழுதுகளை விழுங்கின. 1985 ஏப்ரலில் இக்கரையில் இரு சமூகங்களுக்கிடையே தீ மூண்டது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். ஒரு கொலையைச் சொல்லி மற்றதை மறைப்பது நம் மேடைகளின் வழக்கம். ஆசிரியனுக்கு அந்த வழக்கம் ஆகாது. அவன் இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லக் கடமைப்பட்டவன்.

யுத்தம் 2009இல் முடிந்தது. சுவர் இன்னும் முடியவில்லை. 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பற்றிப் பெரும் பிணக்கு எழுந்தது. 2019 ஜூனில், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதமும், அதற்கு எதிராக மறுதரப்பின் போராட்டமும் நிகழ்ந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாளின் குண்டுவெடிப்புகளையடுத்து, 26ஆம் நாள் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் குண்டுகள் வெடித்தபோது, முஸ்லிம் சமூகம் முழுவதும் சந்தேகக் கண்ணால் நோக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் ஒரு சமூகத்தைக் காக்கவல்லது எது? ‘இவர்களை நான் அறிவேன், இவர்களின் பிள்ளைகளோடு நான் படித்தேன்’ என்று அயலூரில் எழுந்து நின்று சொல்லும் ஒரு மனிதனே. சுவருக்குள் மட்டும் வளர்ந்த சமூகத்துக்கு அப்படிச் சொல்ல வெளியில் ஒருவரும் இருப்பதில்லை. இது இரு தரப்பினருக்கும் பொருந்தும்.

ஒரு நாள் மட்டும் இச்சுவர்கள் பொருளிழந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையிற் கடல் ஏறி வந்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் வகுப்பறைகள் வெறுமையாயிருந்தன. சில மணி நேரத்தில், கடலுக்குத் தப்பிய பாடசாலைகள் யாவும் அகதி முகாம்களாயின. அங்கு வந்தோரிடம் பிறப்புச் சான்றிதழோ புலமைப்பரிசிற் புள்ளியோ கேட்கப்படவில்லை. நாம் தேடும் பொதுமை அன்று கண்முன்னே நின்றது. பேரழிவு வந்தாலன்றித் தன் பொதுமையை நினைவுகொள்ளாத பள்ளியைப் பற்றி என்ன சொல்வது?

நம் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும் என்பதை அறிவோம்.

முதலாவது: ‘பின் வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தால் முன் வாங்கு பாழாகும்; போட்டி நிறைந்த உலகிலே கெட்டிக்காரரையாவது கரைசேர்க்க வேண்டாமா?’ இதிலே ஒரு கணக்குப் பிழை உண்டு. வசதியுள்ள கெட்டிக்காரனுக்குப் பள்ளியை விட்டால் வேறு நூறு வழிகள் உள்ளன. வீடு உண்டு; நூல் உண்டு; ரியூஷன் வகுப்பு உண்டு. வறிய மாணவனுக்குப் பள்ளியே முதல் வழியும் கடைசி வழியும். கிடைக்கும் நேரத்தையும் வளத்தையும், வேறு வழியில்லாதவனுக்கு முதலிற் கொடுப்பதே நீதி என்பதைச் சந்தையிலே நெத்தலி விற்கும் பெண்ணும் அறிவாள்.

இரண்டாவது: ‘முதலில் நம் சமூகம் முன்னேறட்டும், பின்னர் அயலாரைப் பார்க்கலாம்.’ ஒடுக்கப்பட்ட ஒரு சிறுபான்மையினரின் வாயில் இச்சொல் இயல்பாகவே பிறக்கும். அதன் வேதனை நமக்கும் தெரியும். ஆனால் ‘நம் சமூகம்’ என்பதற்குள் யார் யார் அடங்குவர்? கரைவலைக்காரனின் மகன் அடங்குவானாயின், அவனைப் பின் வாங்கிலே விட்டுவிட்டு நாம் முன்னேறியது எப்படிச் சமூகத்தின் முன்னேற்றமாகும்? சமூகத்தின் பெயரைச் சொல்லி அயலாருக்குக் கதவடைக்கும் கை, வர்க்கத்தின் பெயரைச் சொல்லாமலே சொந்த ஏழைக்கும் கதவடைக்கின்றது. இவ்விரு கதவுகளும் ஒரே கீலில் ஆடுகின்றன. ஆகவேதான் உள்ளிருப்போர்க்குரிய கடனையும் வெளியிருப்போர்க்குரிய கடனையும் நாம் ஒன்றாகவே எடுத்துப் பேசினோம்.

மூன்றாவது மறுப்பு நமக்கு மிக நெருங்கியது: ‘ஆசிரியன் மட்டும் துறவியாக வேண்டுமா? அவனுக்கும் கடன் உண்டு, வீட்டு வாடகை உண்டு.’ உண்மை. பல ஆண்டுகளாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இரண்டு வீதமளவையே கல்விக்குச் செலவிடும் நாடு இது. நான்கு முதல் ஆறு வீதம் வரை வேண்டுமென்பது சர்வதேச அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட குறிக்கோள். அந்த இடைவெளியைத் தனி ஆசிரியனின் தியாகத்தால் நிரப்பச் சொல்வது, அரசின் கடமையை அவன் தோளில் ஏற்றும் தந்திரமாகும். எனவே, நியாயமான சம்பளத்துக்கும் கல்விக்கான கூடிய ஒதுக்கீட்டுக்கும் போராடுவது பொதுப் பள்ளியைக் காக்கும் போராட்டத்தின் ஒரு பகுதியே. ஆயினும், சம்பளம் குறைவென்பதால், காலையில் வகுப்பில் முடிக்காத பாடத்தை மாலையில் அதே மாணவனுக்கு விலைக்கு விற்பது நியாயமாகிவிடாது. முன்னையது அரசு நமக்குச் செய்யும் அநீதி. பின்னையது நாம் மாணவனுக்குச் செய்யும் அநீதி. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் துடைக்க இயலாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? பெரும் புரட்சித் திட்டம் எதையும் நாம் இங்கு வகுக்கவில்லை. நம் கைக்கெட்டிய தூரத்திற் சில காரியங்கள் உள்ளன. ஒவ்வொரு பாடசாலையும் பொன்னெழுத்துப் பலகையின் அருகே, இடைவிலகியோரின் பதிவேடு ஒன்றையும் பேணலாம். சுவரில் எழுதி அவர்களை நாணச் செய்ய வேண்டாம். ஆசிரியர் அறையில் வைத்து நாம் நாணலாம். ஆண்டுதோறும் அப்பெயர்களை எடுத்துக்கொண்டு வாடிக்கும் தறிக்கும் வயலுக்கும் சென்று தேடலாம். பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை, விலைகொடுக்க இயலாத பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் காலை உணவுக்கும் ஒதுக்கலாம். ஒதுக்கீட்டின் வழியே சர்வகலாசாலை சென்ற மாணவன், விடுமுறையிலேனும் தன் ஊரின் சிறிய பாடசாலை ஒன்றுக்குச் சென்று கற்பிப்பதை ஊர் வழக்கமாக்கலாம். இதைச் சலுகையென்று எவரும் கருதவேண்டாம். அது வாங்கிய கடனின் வட்டியே ஆகும்.

அயலாரைப் பொறுத்தவரை, பாடசாலைகளை இன்றே ஒன்றாக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பெண்பிள்ளைகளை உள்ளே அழைத்து வந்த ஏற்பாட்டை அவசரத்தில் உடைப்பது அறிவுடைமையாகாது. ஆனால், உயர்தரப் பரீட்சைக்கான கருத்தரங்குகளைக் கல்முனையின் தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் பொதுவில் நடத்த எந்தச் சுற்றுநிருபம் தடுக்கின்றது? ஓரிடத்தில் ஆய்வுகூடமும் மற்றோரிடத்தில் ஆசிரியரும் உண்டென்றால், இரண்டையும் பகிர்வதற்கு எந்த மார்க்கம் தடை? தமிழ்த்தினப் போட்டியில் ஒருவரையொருவர் வெல்ல மட்டுமே சந்திக்கும் மாணவர், ஒரு நாடகத்தைச் சேர்ந்து நடிக்கச் சந்தித்தால் என்ன? அஸீஸும் விபுலாநந்தரும் இக்கரையில் நட்புக்கொண்டபோது ஒருவர் மற்றவரின் மார்க்கத்துக்கு மாறவில்லை. தன் அடையாளத்திற் காலூன்றி நின்றவன் அயலானின் கையைப் பற்ற அஞ்சவேண்டியதில்லை என்பதற்கு அந்நட்பே சான்று.

நாம் தொடங்கிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பொதுப் பள்ளி அரசின் சொத்தன்று, ஊரின் சொத்துமன்று. அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அமானிதம் என்ற சொல்லின் கனத்தை இக்கரையில் எழுத்தறியாத முதியவரும் அறிவர். பிறர் பொருளை வைத்திருப்பவன், அதை உரியவரிடம் சேர்க்கும்வரை நிம்மதியாய் உறங்கமாட்டான். அதற்கு உரியவர் மலைச்சரிவில் கொழுந்து கொய்தவளின் பேரப்பிள்ளையும், கரைவலை இழுப்பவனின் மகனும், பக்கத்து ஊரின் பள்ளியில் நம் பாடநூலையே படித்துக்கொண்டிருக்கும் மாணவியும் ஆவர். அவர்களுக்கு உரியது அவர்களைச் சென்றடையும்வரை, நம் பாடசாலைகளின் பெயர்ப்பலகைகளிலுள்ள ‘அரச’, ‘தேசிய’ என்னும் அடைமொழிகள் நிறைவேற்றப்படாத வாக்குறுதிகளாகவே தொங்கிக்கொண்டிருக்கும். அவ்வாக்குறுதியை நிறைவேற்றும் பொறுப்பு, வேறு யாரையும்விட முதலில், நாளைக் காலை வகுப்பறைக்குள் நுழையப்போகும் நம்மையே சார்ந்ததாகும்.